அழுத்தாத கடிகாரம்

இன்று மாமல்லபுரத்தில் சிறுவர் செஸ் போட்டி. என் மகள் யாழினிக்கு வெள்ளைக் காய். எதிரே உட்கார வேண்டிய கோவளத்துத் தோழி மெர்சி வரவில்லை.

யாழினி வழக்கம்போல ராணிக்கு முன்னாலிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினாள். ஆனால் நகர்த்தியதும் அழுத்த வேண்டிய கடிகாரத்தை அழுத்தவில்லை. அவளுடைய நேரமே ஓடிக்கொண்டிருந்தது. பெற்றோர் வரிசையிலிருந்து நான் கையைக் காலை ஆட்டியும் திரும்பவில்லை.

கடைசியில் நடுவர் வந்து, மெர்சி வராததால் புள்ளி யாழினிக்கு என்றார்.

"ஏண்டி அமுத்தல?"

"அமுத்தினா மெர்சியோட டைம் போயிடும்மா."

வாசலில் கோவளத்துக்காரர் ஒருவர் சொன்னார்: "மெர்சியோட நைனா நேத்து கடலுக்குப் போனாரு மேடம். அவரு போன போட்டு இன்னும் வரல. பாப்பா கரையிலயே குந்திகினு கீது."

யாழினிக்கு முழுப் புள்ளி. வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்தப் படகு வரட்டும்.