நானாவை இமாம் ஆக்கியது யார்?

நினைவு மலர் அச்சடிப்பது எங்கள் வழக்கம் இல்லை. இத்தாலியின் பலேர்மோ நகரில், போர்கோ வெக்கியோப் பகுதியில், எங்கள் அயலில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் போடுவதைப் பார்த்து நானாவின் மகள் ஆசைப்பட்டாள். இது கூடுமா, கூடாதா? இப்படிப்பட்ட கேள்விகளை எங்கள் ஆட்கள் என் மூத்த சகோதரரான நானாவிடம்தான் கேட்பார்கள். கேட்பதற்கு அவர் இல்லாததால் நானே துணிந்து எழுதுகிறேன்.

நானா மன்னாரில் பிறந்தார். சண்டைக் காலத்தில் ஊரை விட்டுப் போய்ப் புத்தளத்து முகாமில் நாங்கள் வளர்ந்தோம். பிறகு அவர் பலேர்மோவுக்கு வந்து லிபெர்த்தாத் தெருவில் வீட்டு வேலை செய்தார். என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். ஒரேத்தோத் தெருவில் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து எங்கள் ஆட்கள் தொழத் தொடங்கியபோது யாரோ அவரை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து இமாம் அவர்தான்.

எனக்கு அது எப்போதும் அதிசயம். ஊரில் என்றால் பள்ளிவாசல் நிர்வாகம் ஓதிப் பட்டம் பெற்ற மௌலவியைத் தேடி நியமிக்கும். நானா மௌலவி இல்லை. அவரை யாரும் நியமிக்கவும் இல்லை. ஆனாலும் கணவன் மனைவி பிணக்கிலிருந்து பெருநாள் என்றைக்கு என்பது வரை அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, வயதான இத்தாலிய அம்மா ஒருவரை வீட்டில் பராமரிக்கும் ஒருவர் கேட்டார்: "நானா, என்ற சிக்னோரா தன்னைச் சக்கர நாற்காலியில சேர்ச்சுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்றா. நான் உள்ளுக்குப் போகலாமா?"

"வாசல்ல படி இருக்கா?"

"ஓம், நாலஞ்சு."

"அப்ப மனிசிய வாசல்லயா விட்டிட்டு வரப்போற? தூக்கிக்கொண்டு போய் உள்ளுக்கு இருத்து. அவ தன்ட பாட்டுக்குக் கும்பிடட்டும்."

"மௌலவி இல்லாம பத்வா குடுக்கிறியள்!" என்று இன்னொருவர் சீண்டினார்.

"பத்வா இல்லடாப்பா, முதுகு பிடிக்காமத் தூக்கச் சொன்னன்."

வீட்டுக்கு வரும் வழியில், "உங்கள இமாமாக்கினது ஆரு நானா?" என்று கேட்டேன்.

"எனக்கும் விளங்கேல்ல, தம்பி" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், "என்ற ஜனாஸாத் தொழுகைய நீதான் தொழுவிக்கணும்" என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவன்.

"என்னால ஏலாது நானா."

"நாலு தக்பீரும் ஸலாமும்தான் சத்தமா. மிச்சமெல்லாம் வாய்க்குள்ள. உனக்கெண்டே வந்த தொழுகையடா."

நானாவின் ஜனாஸா அன்று கராஜ் நிறைந்து வாசலுக்கு வெளியிலும் சனம். பெரிய பள்ளிவாசலின் இமாம் வந்திருந்தார். துனீசியாக்காரர், மார்க்கம் படித்தவர். எல்லோரும் அவருக்கு வழி விட்டார்கள். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. ஆனால் நானாவின் மகள் பெண்கள் பக்கத்திலிருந்து, வாப்பா சாச்சாவைத்தான், அதாவது என்னைத்தான், சொல்லிவிட்டுப் போனார் என்று இத்தாலியனில் அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் என் தோளில் கை வைத்து முன்னுக்கு அனுப்பினார். பிறகு எனக்குப் பின்னால் முதல் வரிசையில் போய் நின்றார்.

அல்லாஹு அக்பர் என்று முதல் தக்பீர் சொன்னேன். அது எனக்கே கேட்கவில்லை. உடனே பின்னாலிருந்து அவருடைய பெரிய குரல் அதையே எடுத்து, வெளியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னது. நாலு தக்பீரையும் நான் மெல்லச் சொல்ல, அவர் உரக்கச் சொன்னார்.

நானாவைக் குளிப்பாட்டியவர்களுக்கும், தேநீர் கொண்டுவந்த அயல் குடும்பங்களுக்கும், சக்கர நாற்காலியில் எங்கள் வாசல் வரை வந்த அந்த சிக்னோராவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று எனக்குப் பின்னால் நின்ற எல்லோருக்கும் நன்றி. நானாவை இமாம் ஆக்கியது நீங்கள்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.