ரஞ்சினியின் உள்ளங்கைக் கமரா

வெள்ளவத்தைக் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகையைச் சரிசெய்து, "கொஞ்சம் சிரியுங்கோ தம்பி" என்று சொன்ன நேரத்தில் போன் வந்தது. ரஞ்சினியின் கணவர். "அண்ணை, ரஞ்சினி எங்களை விட்டிட்டுப் போயிட்டா" என்றார். மாப்பிள்ளை சிரித்தபடியே நின்றார். நான் என் கமராவைக் கீழே இறக்கினேன்.

ரஞ்சினியைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய கமராவையும் தெரியும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஆனால் பெரிய கமராவைப் போல லென்ஸைக் கழற்றி மாற்றலாம். நாங்கள் இருவரும் ஒரே ஸ்டூடியோவுக்காகக் கல்யாணமும் செத்தவீடும் படம் எடுத்தவர்கள். அவர் அதை வாங்கி வந்த அன்று விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது.

"விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு சல்லியா?" என்றேன்.

"நீங்கள் என்ன அண்ணை, கமராவைத் தராசில வைச்சோ வாங்கிறனீங்கள்?"

முதல் கல்யாணத்திலேயே பெண்ணின் தாய் அவரை விருந்தாளி என்று நினைத்துப் பலகாரத் தட்டை நீட்டி, "படம் எடுக்கிறவர் எப்ப வருவார்?" என்று கேட்டார். ரஞ்சினி வடையைக் கடித்துக்கொண்டே அந்த அம்மாவைப் படம் எடுத்தார். நான் அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்துத் திரிந்தேன்.

அந்தச் சிரிப்பு கொட்டாஞ்சேனையில் ஒரு செத்தவீட்டில் அடங்கியது. இறந்தவரின் மகன் கனடாவில் இருந்தார். விசா கிடைக்கவில்லை. "அப்பாவைத்தான் பார்க்க ஏலாமப் போச்சு, அம்மாவின்ர முகமாவது வேணும்" என்று எங்களிடம் கேட்டிருந்தார். தாயோ என் நீண்ட லென்ஸைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எந்தப் பக்கம் போய் நின்றாலும் அதே கதைதான். நான் கைவிட்டு ஒதுங்கினேன்.

ரஞ்சினி ஒரு குட்டி லென்ஸை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கமராவை நெஞ்சோடு பிடித்தபடி, "அன்ரி, மகனுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" என்று கேட்டார்.

"நண்டுக்கறி, பிள்ளை. அங்க ஆர் அவனுக்குச் சமைச்சுக் குடுக்கிறது?"

சொல்லும்போதே முந்தானை தானாக இறங்கியது. ரஞ்சினி படம் எடுத்தது அவருக்குத் தெரியவே இல்லை. படம் போய்ச் சேர்ந்ததும் போனில் மகனின் குரல் வந்தது: "அம்மா என்னைத்தான் பார்க்கிறா."

அந்தக் கமரா கொடுத்த விலைக்குத் தகும் என்று ரஞ்சினியிடமே சொன்னேன். அவர் பெருமைப்படவில்லை. "மேடைக்கு உங்கட பெரிசுதான் வேணும் அண்ணை. ஆனா அழுற ஆளுக்கு எங்கட முகமும் தெரியவேணும்" என்றார். என்னைவிட வயதில் எவ்வளவோ சின்னவர், ஆனாலும் அன்று அவரை அண்ணாந்து பார்த்தேன்.

பொரளை மலர்ச்சாலையில் ரஞ்சினியின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். லண்டனில் இருக்கும் ரஞ்சினியின் தங்கைக்கு வீட்டாரின் படம் வேண்டும் என்று கணவர் அந்தக் கமராவை என் கையில் தந்தார். ரஞ்சினியைப் போல அதை நெஞ்சோடு பிடித்து, கணவர் பக்கம் திரும்பினேன். அவர் என்னைப் பார்த்தார். என் கண்ணீரை மறைக்க என் முகத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை.

"அழாதேங்கோ அண்ணை" என்றார், தானும் அழுதபடி. அப்போதுதான் பொத்தானை அழுத்தினேன்.

கமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அழுகிறவர் முன்னால் முகத்தை மறைக்காமல் நிற்பதை மட்டும் ரஞ்சினியிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன்.