நிலத்தில் ஓடும் வாகனம்

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஆங்கிலம் வாசித்தவள் நான். அந்த ஆங்கிலத்தால் அப்பாவின் வாகனம் பதினொரு நாட்கள் வீதியோரத்தில் படுத்துக் கிடந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் அது வெறும் பெருமையாகிவிடும்.

ஜெயபுரத்தில் எங்கள் பகுதிக்கு இருந்த ஒரே சாமான் வாகனம் அப்பாவினுடையது. கம்பனி அதற்கு என்ன பெயர் வைத்ததோ, எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அந்தச் சின்ன வாகனம் ‘பட்டா’தான். “உங்கட லொறி” என்று யாராவது சொன்னால் அப்பாவே திருத்துவார். லொறி என்றால் பத்துச் சில்லோடு ஏ-ஒன்பது வீதியில் போவது, எங்களுடையது பட்டா. கிழமையில் மூன்று நாட்கள் விடியற்காலையில் அயல் வீடுகளின் கத்தரிக்காய், வெண்டிக்காய், பயற்றங்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிச் சந்தைக்குப் போவார். திரும்பும்போது கடைச் சாமான், சீமெந்து, மாட்டுத் தீவனம் என்று எது கிடைக்கிறதோ அதை ஏற்றுவார். வெறும் வாகனத்தோடு திரும்பும் நாளில் அப்பா சாப்பாட்டையும் பாதியில் நிறுத்திவிடுவார்.

அப்பாவின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியது. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் அப்பா அந்தக் காட்டில் வேர் பிடுங்கிக்கொண்டிருந்தார். அம்மா மூன்றாம் ஆண்டோடு நின்றுவிட்டார். ஆகவே, எட்டாம் ஆண்டுக்கு வந்துவிட்ட நான் வீட்டில் ஒரு சிறிய அரசாங்கம் மாதிரி இருந்தேன். மருந்துச் சிட்டை, கடிதம், கலியாணக் காட், எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். நானும் உடனே வாசித்துச் சொல்லமாட்டேன். ஒருமுறை மனதுக்குள் வாசித்து, தலையை ஆட்டிவிட்டுத்தான் சொல்வேன்.

அந்த வருடம் டீசல் விலை ஏறத் தொடங்கியது. இரவு படுக்கும்போது ஒரு விலை, எழும்பும்போது இன்னொரு விலை. அப்பா மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கும் ஹயர் காசைக் கூட்டியே ஆகவேண்டும். ஆனால் ஏற்றுகிற மூட்டை எல்லாம் மாமா வீட்டு மூட்டை, மச்சான் வீட்டு மூட்டை. இரண்டு விலையேற்றங்களைப் பொறுத்துக்கொண்டு மூன்றாவதற்குத்தான் கூட்டினார். அதையும் தான் சொல்லாமல் அம்மாவை வீடு வீடாக அனுப்பிச் சொல்வித்தார்.

பக்கத்துக் காணி மாமா எங்கள் படலை வாசலிலேயே நின்று சத்தம் வைத்தார்.

“கத்தரிக்காயை விட அது இருந்து போற இடத்துக்கெல்லோ இப்ப விலை கூட! பேசாமல் நான் சாக்குக்குள்ள ஏறுறன், கத்தரிக்காய் முன் சீற்றில இருந்து போகட்டும்.”

“நீங்க ஏறினாலும் ஒரு மூட்டைக் காசுதான் அண்ணே,” என்றார் அப்பா.

அதன் பிறகு ஊரில் ஒரு புதுமை நடந்தது. மூட்டைகள் கொழுக்கத் தொடங்கின. காசு மூட்டைக்குத்தானே, மூட்டையின் அளவுக்கு இல்லையே. இரண்டு வீட்டுக் காய் ஒரு சாக்கில் ஏறியது. ஒருவர் தூக்கிய மூட்டையை மூன்று பேர் பிடித்துத் தூக்கினார்கள். சாக்கின் வாயைக் கட்ட முடியாமல் பழைய சாரத்தைக் கிழித்து மேலே ஒரு தொப்பி தைத்தார்கள். அப்பா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஏற்றினார். பட்டாவின் பின்பக்கம் மட்டும் நிலத்தை நோக்கித் தாழ்ந்துகொண்டு போனது.

பிறகு விலையைப் பற்றிப் பேசிய நாட்களே நல்ல நாட்களாகிவிட்டன. விலை கொடுத்தாலும் டீசல் இல்லை. பெற்றோல் செட் வாசலிலிருந்து வாகனங்கள் வீதி நீளத்துக்கு நின்றன. அப்பா இரண்டு நாள், மூன்று நாள் வரிசையில் கிடப்பார். வரிசை நகரும்போது ஒருவரும் எஞ்சினை இயக்குவதில்லை. இறங்கி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளுவார்கள். சிலர் வாகனத்தை வீட்டில் மூடிவைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போனார்கள். அப்பா போகவில்லை. பட்டா நின்றால் ஊரின் காயெல்லாம் காணியிலேயே முற்றிவிடும்.

அப்படியிருக்கும்போதுதான் ‘கியூ.ஆர்’ வந்தது. கைபேசியில் வாகனத்தைப் பதிந்தால் கட்டம் கட்டமாக ஒரு படம் வரும். அதைக் காட்டினால் கிழமைக்கு இவ்வளவு என்று எண்ணெய் அடிக்கலாம். வீட்டிலிருந்த ஒரே நல்ல கைபேசி, கொரோனாக் காலத்தில் என் வகுப்புக்காக வாங்கியது. ஆகவே அந்த வேலை என்னிடம் வந்தது. பதிவதற்கு வாகனத்தின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் செசி இலக்கம் வேண்டும். பட்டாவின் புத்தகத்தில் அது இருந்த வரி வெள்ளத்தில் கலங்கியிருந்தது. அப்பா ரோர்ச் லைட்டோடு வாகனத்துக்கு அடியில் ஊர்ந்து போனார். அவருக்கு இலக்கங்கள் நன்றாகத் தெரியும். எழுத்துகள் வந்தால் அடியிலிருந்து விளக்கம் வரும்.

“ஒரு நட்ட கம்பு. அது மேல ஒரு தடி.”

“டீ.”

“வயித்த தள்ளிக்கிட்டு நிக்குது. ரெண்டு வயிறு.”

“பீ.”

இப்படி நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த நீண்ட இலக்கத்தை ஒரு பிழையுமில்லாமல் எடுத்துவிட்டோம். அடுத்ததாக, வாகனத்தின் வகை என்ன என்று கேட்டது. ஆங்கிலத்தில் ஒரு பட்டியல். மேலிருந்து கீழே தேடினேன். ‘பட்டா’ என்று ஒன்று இல்லை. லொறி இருந்தது, ஆனால் எங்களுடையது லொறி இல்லையே. இன்னும் கீழே ‘லான்ட் வெஹிக்கிள்’ என்று இருந்தது. தெரியாத சொல் வந்தால் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று ஆங்கில ரீச்சர் சொல்லித் தந்திருந்தார். பிரித்தேன். லான்ட் என்றால் நிலம். வெஹிக்கிள் என்றால் வாகனம். நிலத்தில் ஓடும் வாகனம்! எங்கள் பட்டா கடலில் போவதில்லை, ஆகாயத்தில் பறப்பதில்லை. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல்லை யாரால் எழுத முடியும்? அப்பாவுக்கும் விளக்கினேன். அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி, “சரியாத்தான் வச்சிருக்கானுங்க,” என்றார்.

கடைசிப் பொத்தானை அப்பாதான் அமத்தவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, கிழக்கே பார்த்து நின்று, பெருவிரலால் அமத்தினார்.

அடுத்த நாள் வரிசைக்குப் போனவர், அதற்கடுத்த நாள் பின்னேரம் நடந்து வந்தார். செட்டில் எண்ணெய் அடிக்கிறவர் படத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணை, இது உழவு மெசினுக்கெல்லோ விழுந்திருக்கு. மெசினை எங்க ஒளிச்சு வச்சிருக்கிறியள்?” என்று கேட்டாராம். பின்னால் நின்றவர்கள் ஹோன் அடித்தார்களாம். வாகனத்துக்கும் படத்துக்கும் பொருந்தாததால் ஒரு துளியும் அடிக்க மறுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த டீசலில் பட்டா எங்கள் ஒழுங்கை முகப்பு வரைக்கும் வந்து, அங்கே நின்றுவிட்டது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தப் பட்டியலில் லான்ட் வெஹிக்கிள் என்றால் உழவு இயந்திரம். அம்மா என்னைப் பார்த்தார். எட்டாம் ஆண்டு, வகுப்பில் இரண்டாம் பிள்ளை, வீட்டின் அரசாங்கம். வாயைத் திறந்தேன்.

“கடைசியா நீங்கதானே அப்பா அமத்தினீங்க.”

அப்பா தன் பெருவிரலை விரித்துப் பார்த்தார். “ஆமா புள்ள. இந்த வெரலு மம்பட்டி மாதிரி. ஒன்ன அமத்தினா ரெண்டு அமுங்கும்,” என்றார். அவர் நம்பிவிட்டார் என்று எனக்குப் பெரிய ஆறுதல்.

ஊரும் நம்பியது. விரலால் பட்டாவை மெசினாக்கிய மனிதர் என்று கதை பரவியது. பக்கத்துக் காணி மாமா தினமும் காலையில் படலைக்கு வந்து, “என்ன, கலப்பை பூட்டியாச்சோ? என்ர வயலை எப்ப உழுறியள்?” என்பார். “வெதநெல்லு ரெடியா?” என்று அப்பாவும் கேட்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஆனால் மாமாவின் கத்தரிக்காயில் பாதி பழுத்து மஞ்சளாகிவிட்டது. முடிந்தவர்கள் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்கள். முடியாதவர்கள் எங்கள் வீட்டுக்குத் தந்துவிட்டுப் போனார்கள். அம்மா கத்தரிக்காயைக் குழம்பு வைத்தார், பொரித்தார், பால்கறி வைத்தார், சுட்டுச் சம்பல் போட்டார். ஆறாவது நாள் கத்தரிக்காயைக் கண்டால் தம்பி அழத் தொடங்கினான். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போகும்போது ஒழுங்கை முகப்பில் பட்டாவைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

பிழையைத் திருத்தப் பிரதேச செயலகக் கந்தோருக்குப் போகவேண்டும் என்று அறிந்து அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கைபேசி என்னிடம் இருந்ததல்லவா. அங்கேயும் ஒரு வரிசை. முன்னாலும் பின்னாலும் வாகனக்காரர்கள், பெரும்பாலும் செட் வரிசையில் அப்பாவோடு கிடந்து பழகியவர்கள். எங்கள் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் மிஸ் கைபேசியை வாங்கிப் பார்த்தார்.

“ஆர் பதிஞ்சது?”

நான் கையிலிருந்த கொப்பியைப் புரட்டத் தொடங்கினேன்.

“நான்தான் மிஸ்,” என்றார் அப்பா.

“லொறி எண்டு வடிவா எழுதிக் கிடக்கு, அதை விட்டிட்டு இதை அமத்தியிருக்கிறியள். வாசிச்சுப் பாக்கேல்லையோ?”

இப்படிக் கேட்டால் அப்பா சொல்லும் பதில் எனக்குத் தெரியும். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் பல தடவை கேட்டிருக்கிறேன். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்பார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது. அன்று அவர் அதைச் சொல்லவில்லை.

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது மிஸ்.”

பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மிஸ்ஸின் குரல் இறங்கியது. “வீட்டில படிக்கிற பிள்ளை ஒண்டு இருக்கிறாவே. அவாட்டக் குடுத்திருக்கலாமே ஐயா.”

“அதுதான் மிஸ் நான் விட்ட பிழை. இவகிட்டக் குடுத்திருந்தா பிழைச்சிருக்காது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நேராக நின்றேன். மிஸ் ஒரு வெள்ளைத் தாளைத் தந்து, என்ன பிழை, எதனால் நடந்தது என்று எழுதி ஐயாவின் கையெழுத்தோடு தந்தால் நாளைக்கே மாற்றிவிடலாம் என்றார். நான் சுவரோர வாங்குப் பலகையில் அமர்ந்து, தாளை மடியிலிருந்த கொப்பியின் மேல் வைத்து எழுதினேன். அப்பா குனிந்து நின்று சொன்னார்.

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாத காரணத்தால…”

“அப்பிடி இல்ல அப்பா. ‘காரணத்தினால்’.”

“நீ சொல்றதே எழுது புள்ள.”

‘எனக்கு எழுத வாசிக்கத் தெரியாத காரணத்தினால் வாகனத்தின் வகையைத் தவறுதலாகத் தெரிவு செய்துவிட்டேன் என்பதைத் தயவுடன் அறியத் தருகின்றேன்.’ எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு வெட்டும் இல்லை. பரீட்சைக்குக்கூட அவ்வளவு வடிவாக நான் எழுதியதில்லை. மிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, “முத்து முத்தான எழுத்து,” என்றார்.

கையெழுத்து வைப்பதற்கு முன் அப்பா அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“எழுதப் படிக்கத் தெரியாதுன்னு எந்த எடத்துல இருக்கு?” என்று மெல்லக் கேட்டார்.

நான் தொட்டுக் காட்டினேன். அவர் அந்த இடத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கடைசி வரை போனார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

என் எழுத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வீடு வந்து சேரும் வரைக்கும் எனக்கு ஒரே சந்தோஷம்.