பெடாசில் தவறவிட்ட நிலா, சுவாவில் பிடித்த நிலா

போன ஜூலையில் ஒரு மாதம் முழுவதும் நிலாவைத் தொடர்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். அம்பாங்கானில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து பார்த்தால், எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வந்த பிறகுதான் நிலா தெரியும். அது எழுவதையும் மறைவதையும் பார்க்க வேண்டுமென்றால் தோட்டத்து மேடுகளுக்குத்தான் போக வேண்டும்.

இன்னொரு காரணமும் இருந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் என் மனைவி சரோஜா பெர்த்துக்குப் புறப்பட இருந்தாள். அங்கே மகளுக்குப் பிரசவம்; திரும்பிவர மூன்று மாதம் ஆகும். நான் நிலாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து 'ம்' கொட்டுபவள், "போறதுக்குள்ள ஒரு தடவை அது ஏறுறதக் காட்டுங்க" என்றாள். காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிடத்திலிருந்தே பயம்.

முதல் பயணம் மூன்றாம் பிறைக்கு. கீழ்வீட்டு மகேன் வாடகைக்குக் கார் ஓட்டுபவர். போக வர எண்பது வெள்ளி, அதாவது எண்பது ரிங்கிட், பேசிக்கொண்டோம். சுவா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம், எண்ணெய்ப்பனைதான், ஏறக்குறைய முக்கால் மணி நேரப் பயணம். காவலாளியிடம் அனுமதி கேட்டு, மேற்குப் பார்த்த மேட்டில் நின்றோம். சூரியன் ஏழரைக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கியது. அப்புறம்தான் பிறை கண்ணில் பட்டது. நம் பக்கத்துப் பிறை நிமிர்ந்து நிற்பதில்லை, மல்லாந்து படுத்திருக்கும். மகேன் பார்த்துவிட்டு, "சம்பான் மாரி இருக்குலா சார்" என்றார். சிறு படகு போல என்று நானும்தான் எழுத நினைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

அடுத்தது அரைநிலா. இந்த முறை பெடாஸ் பக்கம். பழைய சாலையில் அரை மணிக்குச் சற்றுக் கூடுதல். அரைநிலாவுக்கு மேடு தேவையில்லை. பொழுது சாயும்போது அது ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கும். ஆனாலும் போனேன். பௌர்ணமிக்குச் சரோஜாவை எங்கே நிறுத்துவது, கிழக்கே செம்பனை மறைக்குமா, அவள் முழங்காலுக்கு ஏற்றம் ஒத்துவருமா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒரு செம்மண் பாதையின் முனையில் மரங்களை வெட்டி மறுநடவு செய்திருந்தார்கள். கன்றுகள் இடுப்பளவுதான். கிழக்கு முழுக்கத் திறந்து கிடந்தது.

பௌர்ணமியன்று மூன்று பேரும் ஆறரைக்கெல்லாம் பெடாஸ் கடைத்தெருவுக்குப் போய்விட்டோம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. சரோஜா நல்ல சேலை கட்டியிருந்தாள். "நேரா எஸ்டேட்டுக்கே போயிருவமா?" என்று கேட்டாள். நான்தான், "ஒன்பது மணிக்குத்தான் எழும், அங்கே கொசு, இங்கே டீ குடிக்கலாம்" என்றேன். நான் எதையும் உறுதியாகச் சொல்கிற ஆளில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

திருச்சியிலிருந்து உறவினர் அனுப்பிய பஞ்சாங்கம் எங்கள் வீட்டில் உண்டு. திதி எப்போது தொடங்குகிறது என்று பார்த்து, இந்திய நேரத்தோடு இரண்டரை மணி கூட்டிக்கொள்வோம். இங்கே பல வீடுகளில் அதுதான் வழக்கம். அன்று அதில் சந்திரோதயம் மாலை ஆறரை என்று இருந்தது. இரண்டரை கூட்டினேன். ஒன்பது.

தகரக் கூரைக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்தோம். பரோட்டா போன்ற ரொட்டி சானாய் தின்றோம். மூன்று பேருக்கும் சேர்த்துப் பதினான்கு வெள்ளி. நிலா தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக எழும் என்று நான் விளக்க, சரோஜா தலையாட்டிக் கேட்டாள். எட்டேகால் மணிக்கு வெளியே வந்தோம். மகேன் கார் சாவியோடு நின்றுவிட்டார்.

"சார், பெட்ரோல் கடைக்கு மேல அது என்னா, ஸ்பாட்லைட்டா?"

நிலாதான். சின்னதாக, வெள்ளையாக, மேலே ஏறி நின்றது. பிழை அப்போதுதான் புரிந்தது. திதி உலகம் முழுவதற்கும் ஒரே கணம். அதற்குக் கடிகார வித்தியாசத்தைக் கூட்டலாம். நிலா அந்தந்த ஊர் அடிவானத்தில் எழுகிறது; அதற்கு எதையும் கூட்டக் கூடாது. பௌர்ணமியன்று ஏறக்குறைய பொழுது சாயும் நேரத்தில். முந்தைய இரண்டு முறையும் நம் ஊர்ப் பொழுதை நம்பியே போனதால் தப்பித்தேன்.

"ஏழரைக்கு முன்னாடியே ஏறியிருக்கும், சரோஜா. நாம கடைக்குள்ள இருந்தோம்" என்றேன்.

அவள் நிலாவை அண்ணாந்து பார்த்தாள். "பாவம், நமக்காக நின்னுதான் பாத்திருக்கும். நீங்க பாடம் நடத்துறதக் கேட்டுட்டுக் கெளம்பிருச்சி."

மகேன் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். காரில் கொஞ்ச தூரம் வந்த பிறகு அவளே கேட்டாள். "ஏங்க, ஏறுனது எறங்கித்தானே ஆகணும்? எப்ப எறங்கும்?"

பஞ்சாங்கம் பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. "விடியுற நேரம்… ஏழு, ஏழே கால் இருக்கலாம். நான் சொல்றத நம்பாத."

"நம்பல. மகேன், சார் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே நிக்கணும். பெட்டிய ஏத்திக்கிட்டே போயிருவோம். ஏர்போட் சுவா பக்கந்தானே?"

"அந்தப் பக்கந்தாம்மா. சுவாவுல பாத்துட்டு அப்டியே போயிரலாம்."

காலை ஆறு மணிக்குச் சுவா மேட்டில் இருந்தோம். நல்ல இருட்டு, நிலா மேற்கே இன்னும் உயரத்தில் இருந்தது. காரின் பின்புறம் இரண்டு பெட்டிகள், ஊறுகாய் வாசனையோடு. நிலா இறங்க இறங்க மஞ்சளாகி, பிறகு செம்பனைப் பழத்தின் செம்மஞ்சள் நிறத்துக்கு வந்தது. பனி மூட்டத்தைத் தொட்டபோது அடிப்பக்கம் கொஞ்சம் நசுங்கினாற்போல் தெரிந்தது. எங்கள் முதுகுப்பக்கம் வானம் வெளுத்தது. சரோஜா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கடைசித் துண்டு மரங்களுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏறுறதவிட இதான் நல்லாருக்கும் போல" என்றாள். ஏறுவதை அவள் பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தவன், அவளுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டேன். பத்து மணிக்கு முன்பே விமான நிலையத்தில் இருந்தோம்.

தேய்பிறை அரைநிலாவைக் காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் தனியாகப் பார்த்தேன். அதற்குச் செலவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். பௌர்ணமி என்றால் பொழுது சாய்வதற்கு அரை மணி முன்பே கிழக்குப் பார்த்து நில்லுங்கள்; தவறினால் மறுநாள் விடியலில் மேற்கே பாருங்கள். தோட்டம் தனியார் நிலம்; காவலாளியிடம் கேட்காமல் நுழைய வேண்டாம். இருட்டில் செம்மண் பாதையை விட்டு மரங்களுக்குள் இறங்காதீர்கள், பாம்பு உண்டு. கொசுத்தைலம் அவசியம்.

புதுப்பிறை தெரிய வேண்டிய நாளில், மாலை ஆறு மணிக்குப் பெர்த்திலிருந்து சரோஜா கூப்பிட்டாள். அங்கும் இங்கும் கடிகாரம் ஒன்றுதான். பொழுது மட்டும் அங்கே முன்னதாகவே சாய்ந்துவிடுகிறது. பிறை அவள் கண்ணில் பட்டுவிட்டதாம்.

"அப்படியா? இங்கே எத்தனை மணிக்குத் தெரியும் என்று…" பஞ்சாங்கத்தை எட்டி எடுத்தேன். தாள் புரளும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"ஒன்னும் கூட்டாதீங்க. சட்டையப் போட்டுட்டு இப்பவே கெளம்புங்க."