ஐஸில் புதைத்த மட்டி

கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் மட்டி கொண்டுபோவது ஒன்றும் கௌரவமான வேலை இல்லை. மட்டி என்றால் கழிமுகச் சேற்றில் கிடைக்கிற சின்னச் சிப்பி. உள்ளே இருக்கும் சதையை வேகவைத்துத் தின்பார்கள். அதில் விப்ரியோ என்கிற கிருமி எவ்வளவு இருக்கிறது, எந்த மாதத்தில் கூடுகிறது, எப்போது குறைகிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. காலராக் கிருமியின் பங்காளிகள் இவை. உப்புத்தண்ணீரும் வெயிலும் இருந்தால் வேறெதுவும் கேட்காமல் வளரும். வாரத்தில் ஒரு நாள் விடிந்ததும் துறைமுகத்துக்குப் போய் மட்டி வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் போட்டுக்கொண்டு, மதியத்துக்குள் சிதம்பரத்து ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். சுனாமி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

முதல் வாரமே ஒரு கண்டக்டர் என்னைப் பாதி வழியில் இறக்கிவிடப் பார்த்தார். "என்னாமா இது, பொட்டிலேர்ந்து தண்ணி ஒழுவுது, நாத்தம் கொடல பொரட்டுது. மத்தவங்கள்லாம் பஸ்ல வரவேணாமா?" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வழியில் இருக்கிற ரசாயனத் தொழிற்பேட்டையைத் தாண்டும்போது அதே பஸ் மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்தது. அந்த நாற்றத்தை யாராலும் இறக்கிவிட முடியாது, என்னை இறக்கிவிடலாம். எனக்குக் கோபம் வந்தால் வாய் வராது, கைதான் வேலை செய்யும். அடுத்த வாரம் ஐஸ் பிளாண்டில் உடைத்த ஐஸாகப் பெட்டி நிறைய வாங்கி, மட்டியை அதற்குள் ஆழமாகப் புதைத்துக் கொண்டுவந்தேன். நாற்றம் நின்றது. கண்டக்டர் வாயும் நின்றது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எனக்கு மட்டி கொடுத்தவர் துறைமுகத்தில் மட்டியும் நண்டும் விற்கிற ஒரு அக்கா. நாற்பது வயதிருக்கும். மட்டியை எடுத்துவருவது அவர் வீட்டுக்காரர். தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து, துறைமுகத்தை ஒட்டிக் கடலில் கலக்கும் உப்பனாற்றில் இடுப்பளவு இறங்கி, சேற்றைக் காலால் துழாவி, காலில் தட்டுப்படுவதைக் குனிந்து எடுப்பார். இவர் அக்கா என்பதால் அவர் எனக்கு மாமா. "என்னா டாக்டரம்மா, எங்க மட்டிக்கு ஜொரமா, சளியா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். ஒவ்வொரு வாரமும் அதே கேள்விதான், ஆனாலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். குடிக்கிறவர். நான் போக ஆரம்பித்து ஆறு மாதத்துக்குள் மஞ்சள்காமாலை வந்து படுத்தார். ஈரல் கெட்டுவிட்டது, இனி ஒரு சொட்டுகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் படுத்திருந்தவரை அவர் கூட்டாளி ஒருவர் அக்காவுக்கு மட்டி எடுத்துக் கொடுத்தார்.

சோதனை செய்யும் விதம் சிரமமில்லாதது. பச்சை நிறத்தில் ஒரு கிருமித் தீனி உண்டு. அதைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி உறையவிட்டு, மேலே மட்டிச் சதையை அரைத்த கரைசலைத் தடவி வைத்தால், மறுநாள் காலையில் கிருமிகள் மஞ்சளும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாக நிற்கும். புள்ளிகளை எண்ண வேண்டும். என் தட்டுகளில் எண்ணுவதற்கு அதிகம் இருக்காது. இரண்டு, மூன்று, சில வாரம் ஒன்றுமே இல்லை. நான் ஆரம்பித்தது மழைக்காலம். ஆற்றில் வெள்ளம் வந்து உப்பு குறைந்திருக்கும், கிருமியும் குறைவாகத்தான் இருக்கும் என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார். சரியான பேச்சுதான். ஆனால் மாசி போனது, பங்குனி வந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது, என் தட்டில் அதே இரண்டு மூன்றுதான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்காததற்குக் காரணம் தலைக்கனம். ஒவ்வொரு வாரமும் போன வார முடிவை அக்காவிடம் சொல்லிவிடுவேன். "சுத்தமா இருக்குதுக்கா" என்பேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, "காலேஜ்ல டெஸ்ட்டு பண்ண மட்டிம்மா, ஒரு பூச்சி பொட்டு கெடையாது, கண்ண மூடிகினு வாங்கினு போ" என்று வருகிறவர்களிடம் கூவுவார். வாங்க வந்தவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அது தப்பு, ஒரு ஆராய்ச்சியை அப்படிச் சொல்லி விற்கக் கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் "மீன்காரி கெளம்பிட்டா" என்று கிண்டல் செய்வார்கள். துறைமுகத்தில் எனக்கு மதிப்பு இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

சித்திரையில் ஒரு நாள் ஐஸ் பிளாண்டில் ஐஸ் இல்லை. அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேறு வழியில்லாமல் மட்டியை ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துவந்தேன். மறுநாள் இன்குபேட்டரைத் திறந்தால் எண்ண முடியாத அளவுக்குத் தட்டு மொய்த்துக் கிடந்தது. பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஐஸ் இல்லாம இந்த வெயில்ல ரெண்டு மணி நேரம் வந்தா பெருகாம என்ன பண்ணும்? இத கணக்குல சேக்காதம்மா" என்றார்.

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அவர் சொன்னதும் நிம்மதியாக இருந்தது. தட்டைக் கிருமிநாசினியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அடுத்த வாரம் நான் போனபோது மாமா எழுந்து வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. குதிகாலில் துணி சுற்றியிருந்தது. முதல் நாள் கரையோரமாகச் சும்மா நடந்தபோது சிப்பி கிழித்துவிட்டதாம். மறுநாள் தண்ணீர் நன்றாக வற்றும், இறங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். வீட்டில் இருந்து இருந்து பைத்தியம் பிடிக்கிறது என்றார். அக்கா எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, நீயே சொல்லு. கால்ல புண்ண வச்சிகினு, இந்த ஒடம்போட அவுரு ஆத்துல எறங்கலாமா? ஒன் டெஸ்ட்டுல என்னா சொல்லுது?"

எனக்குத் தெரியும். இந்தக் கிருமியில் ஒரு வகை காயத்தின் வழியாக உடம்புக்குள் போகும், ஈரல் கெட்டவர்களை இரண்டே நாளில் கொன்றுவிடும் என்று நானே என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் எழுதி வைத்திருந்தேன். எழுதியது ஞாபகத்துக்கும் வந்தது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே என் இரண்டு மூன்று புள்ளிகளும் வந்து நின்றன. கேட்டது டெஸ்ட்டைப் பற்றி, நான் டெஸ்ட்டைப் பற்றிச் சொன்னேன்.

"மழக்காலத்துலேர்ந்து பாக்கறேன்க்கா. உங்க மட்டியில ஒண்ணும் பெருசா வரல. தண்ணி சுத்தமாத்தான் இருக்கு."

"பாத்தியா, டாக்டரம்மாவே சொல்லிடுச்சி" என்றார் மாமா. அக்கா என் கையை விட்டுவிட்டு வியாபாரத்துக்குத் திரும்பினார்.

மறுவாரம் நான் போனபோது அக்காவின் இடத்தில் வேறொரு அம்மா கருவாடு வைத்திருந்தார். அவர்தான் சொன்னார். மாமா ஆற்றில் இறங்கிய மறுநாளே கால் முழங்கால்வரை வீங்கி, கறுப்புக் கறுப்பாகக் கொப்புளம் கிளம்பியதாம். ஜுரத்தில் பிதற்றியிருக்கிறார். கடலூரில் காட்டி, அங்கிருந்து பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று சொன்னார்களாம். எந்த விஷம் என்று யாரும் பார்க்கவில்லை. அந்த அம்மாவிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. பெட்டியில் வாங்கி வைத்திருந்த ஐஸோடு, மட்டி வாங்காமலே பஸ் ஏறினேன்.

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதைத்தான் அதற்குப் பிறகு செய்தேன். வேறொருவரிடம் மட்டி வாங்கி மூன்று பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கை வழக்கம்போல ஐஸில் புதைத்தேன். இன்னொன்றைச் செய்தித்தாளில் சுற்றி, ஐஸுக்கு மேல் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தேன். மூன்றாவதை எங்கும் கொண்டுபோகவில்லை. தட்டுகளையும் ஸ்பிரிட் விளக்கையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். துறைமுகத்து டீக்கடை பெஞ்சிலேயே மட்டியை உடைத்து அரைத்துத் தடவினேன். பஸ்ஸில் வரும்போது பெருகியது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் டீக்கடையில் தடவிய தட்டு மொய்த்துக் கிடந்தது. செய்தித்தாளில் வந்ததும் அப்படியே. ஐஸில் புதைத்ததில் இரண்டு புள்ளி.

கிருமி எப்போதும் இருந்திருக்கிறது. ஐஸ் நேராகப் பட்ட குளிரும், ஐஸ் உருகிய உப்பில்லாத தண்ணீரும் சேர்ந்து வழியிலேயே அதைச் சாகடித்திருக்கின்றன. மழைக்காலத்திலிருந்து நான் சுமந்துவந்தது கண்டக்டருக்குப் பிடித்த மட்டியை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். பேராசிரியர் மூன்று தட்டையும் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பழசெல்லாம் விட்டுடு. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பி. ஐஸ் விஷயத்த முறைகள் அத்தியாயத்துல ஒரு வரி எழுதிடு" என்றார். அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது.

காரியம் எல்லாம் முடிந்து அக்கா திரும்பவும் துறைமுகத்துக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, பெட்டி எடுக்காமல் போனேன். மட்டி இல்லை, எடுத்துவர மாமா இல்லை. நண்டு மட்டும் வைத்திருந்தார். உயிர் நண்டுகளின் கொடுக்கை நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தினேன். பஸ்ஸில் பல தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், ஐஸ், தட்டு, உப்பு என்று முன்னுக்குப் பின்னாகக் கொட்டினேன். நான் சொன்னது தப்பு, தண்ணீர் சுத்தமாக இல்லை, என் சோதனையே தப்பு என்று சொல்லி முடித்தேன்.

அவர் கட்டுவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பூச்சிதான் அவுரு கால்ல ஏறுச்சா?"

"நிச்சயமா சொல்ல முடியாதுக்கா. யாரும் பாக்கல. இருக்கலாம்."

கொடுக்கை மடக்கி, கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, கயிற்றைப் பல்லால் இழுத்து இறுக்கினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஐஸ்ல போட்டியோ வெந்நீல போட்டியோ, அதெல்லாம் எனுக்கு என்னா தெரியும் பாப்பா? அன்னிக்கி நான் டெஸ்ட்டா கேட்டேன்? போவாதன்னு நான் சொன்னேன், கேக்கல. மவ அழுதா, கேக்கல. படிச்ச பொண்ணு நீ, ஒன் பேச்சுன்னா அவுருக்கு ஒரு மருவாதி. அவுரு எதுர்ல கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ, அதோட நின்னுடுவாருன்னுதான் ஒன் கையப் புடிச்சி கேட்டேன்."

கட்டிய நண்டைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். வாங்குவதற்கு ஆள் வந்தது, எழுந்து போனார். நான் அங்கேயே குந்தியிருந்தேன். தெரியாமல் செய்த தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். காயத்தோடு இறங்கக் கூடாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.