பாவுக்கு வைத்த சோறு

அடுப்படியின் மேற்குச் சுவரோரம் வைக்கோல் பிரிமணைகளின் மேல் மூன்று மண்பானைகள் வரிசையாக இருக்கும். பழைய சோற்றின் பெருமையை யாராவது இப்போது பேச ஆரம்பித்தால், எனக்கு அந்த மூன்று பானைகளும்தான் கண்முன் வருகின்றன. கூடவே கொஞ்சம் எரிச்சலும் வருகிறது. உடம்புக்குக் குளிர்ச்சி என்கிறார்கள், சத்து என்கிறார்கள். இருக்கட்டும். ஒன்பது பேர் சாப்பிட்டு எழுந்த வீட்டில் அடிச்சோற்றை அன்றாடம் பங்கு பிரித்தவளைக் கேட்டால் அவள் வேறு மாதிரி சொல்வாள்.

நான் பிறந்தது திண்டுக்கல் டவுனில். அப்பாவுக்கு மில் வேலை, அதனால் எங்கள் வீட்டில் தறி கிடையாது. வாழ்க்கைப்பட்டது சின்னாளப்பட்டியில், இரண்டு தறி ஓடும் நெசவு வீட்டில். மாமியார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், என் கணவருடைய அண்ணன் மனைவிதான் அங்கே அடுப்படியைப் பார்த்துக்கொண்டார். அவரை அக்கா என்று கூப்பிடுவேன். பொழுது சாய்ந்து எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் அக்கா மிஞ்சியதைப் பிரிக்க உட்காருவார். முதல் பானை மறுநாள் காலையில் நாங்கள் குடிக்க. கடைசிப் பானை கழனித்தண்ணீரும் காய்த்தோலுமாக ஆட்டுக்கு. நடுப்பானை பாவுக்கு. பாவு என்பது தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல். ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டால்தான் நூல் விறைத்து நிற்கும், நெய்யும்போது அறாது. அந்தக் கஞ்சியை நாலைந்து நாள் புளித்த சோற்றில்தான் எங்கள் வீட்டில் காய்ச்சுவார்கள். ஆக, அந்த வீட்டில் நூலும் எங்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது.

இதனாலேயே உலையில் உப்புப் போடுவதில்லை. அவரவர் தட்டில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். உப்பு விழுந்த கஞ்சி நூலில் ஏறினால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வெயிலில் காய்ந்தாலும் மேகம் போட்டதும் பிசுபிசுக்கும். போன முதல் நாளே அக்கா இதைச் சொல்லிவிட்டார். வேறெதையும் அவர் எனக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை. அதற்கெல்லாம் அவருக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. மீந்த குழம்பைச் சுண்ட வைத்துக் காலைக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக்குவார். முதல் பானையில் பிள்ளைகள் குடித்தது போக மிஞ்சிய சோற்றைப் பிசைந்து, வெங்காயம் நறுக்கிப் போட்டு, வடகமாகக் கிள்ளி வைப்பார். இத்தனையையும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், வாசல் கூட்டுவதைப் போலச் செய்வார்.

கடையில் அரிசிக்கு வரிசையில் நிற்க வேண்டிய வருஷங்கள் வந்தன. ஒரு வேளை சோளம், ஒரு வேளை கம்பு என்று ஓட்டினோம். அரிசிச் சோறு ஒரு வேளைக்குத்தான், அதிலும் நடுப்பானைக்கு எடுத்து வைத்தாக வேண்டும். ஐப்பசி பிறக்க இருந்தது. தீபாவளிச் சேலைக்கு முதலாளி நூல் கொடுத்திருந்தார். சொன்ன நாளில் சேலை போய்ச் சேராவிட்டால் அடுத்த பாவுக்கு நூல் கிடைக்காது. நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. பசி என்றால் சாதாரணப் பசி இல்லை. ஒரு மத்தியானம் அடுப்படியில் தனியாக இருந்தேன். நடுப்பானையைத் திறந்து, பிறந்த வீட்டுப் பழக்கத்தில் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி, இரண்டு கை அள்ளித் தின்ற பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. இத்தனை சோற்றில் இந்த உப்பு என்ன செய்துவிடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மூடி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கஞ்சி போட்டார்கள். அக்கம்பக்கத்தார் வந்து நூலை இழுத்துப் பிடித்தார்கள், வெயிலும் நன்றாகவே காய்ந்தது. தறியில் ஏற்றிய மறுநாள் மேகம் கூடியது. நூல் நனைந்தது போல் துவண்டு, மிதிக்கு மிதி அறுந்தது. நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, சாம்பல் தொட்டுத் தொட்டு அறுந்த இழைகளை முறுக்கினோம். அக்கா ஒரு இழையை நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பசிச்சாத் தின்னுட்டுப் போறதுதானே தாயி. உப்ப எதுக்குப் போட்ட?" என்றார், தறியில் இருந்த ஆண்கள் காதில் விழாமல்.

அக்காவின் கணவருக்கும் கஞ்சியில்தான் கோளாறு என்று தெரிந்துபோனது. எல்லோர் முன்னாலும் அக்காவைத்தான் கேட்டார். "இம்புட்டு வருசமாச் செய்யுற வேல. ஒரு பானையப் பாத்துக்க முடியலையா ஒனக்கு? இனிமே சின்னவ பாக்கட்டும்." நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். சேலைகள் தீபாவளி கழிந்துதான் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு இரண்டு மாதம் ஒரு தறி சும்மா கிடந்தது.

எனக்காகப் பழி சுமந்த தெய்வம் என்று அவரை நினைத்து நெடுநாள் உருகினேன். பானைகள் என் கைக்கு வந்த பிறகுதான் மெல்ல மெல்லப் புரிந்தது. எப்படிப் பிரித்தாலும் ஒருவர் பங்கு குறையும். பிள்ளைகளுக்குக் குறைக்க மனம் வராது, ஆண்களுக்குக் குறைத்தால் தறி நிற்கும், பாவுக்குக் குறைத்தால் எல்லோருக்கும் குறையும். பிரிக்கிறவள் தன் பங்கில்தான் கை வைக்க முடியும். அக்கா பன்னிரண்டு வருஷம் அப்படிக் கை வைத்திருக்கிறார். இன்று வெளியூரில் குடியேறிய என் மகன் வீட்டில் மீந்த சோற்றை ஒரு பாத்திரத்தில் போட்டு பிரிட்ஜில் தள்ளி மூடிவிடுகிறார்கள். நாலு நாள் கழித்துக் கொட்டுகிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. அதையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டிவருமோ என்ற பயம்தான்.

பொறுப்பு கைமாறிய அன்று அக்கா பிள்ளைகளோடு முதல் பந்தியில் வந்து உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "எனக்குச் சுடுசோறா வையி" என்றார். வைத்தேன். யாரையும் பார்க்காமல் நிதானமாகச் சாப்பிட்டார், இன்னொரு தரமும் கேட்டு வாங்கிக்கொண்டார். தாங்க முடியாத ஒன்றை இறக்கி வைத்த முகம் அது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் என் முறைக்காகக் காத்திருந்தேன். ஆனால் எனக்குப் பிறகு அந்த வீட்டுக்கு மருமகள் என்று யாரும் வரவில்லை.