அழுகல் பழத்தைக் கிள்ளிய விரல்கள்

தேனியில் பழைய சாமான் கடையொன்றில் ஒரு கேமராவின் தோல் உறையைத் திறந்ததும் வந்த பூஞ்சை வாடை, சுருளிப்பட்டியில் அம்மா கூலிக்குப் போன திராட்சைத் தோட்டத்துக்கு என்னைக் கொண்டுபோனது. அம்மாவை அதுவரை யாரும் படம் எடுத்ததில்லை. அவளுடைய தம்பி, என் மாமா, எல்லாவற்றையும் கையாலேயே திருகிச் சரிசெய்ய வேண்டிய இதேபோன்ற பழைய கேமரா ஒன்றை வாங்கியிருந்தார். பிலிமில் மிச்சம் ஒரு படம்தான். பந்தலுக்குள் வெளிச்சமும் குறைவு.

"ஷட்டர் மெதுவாத்தான் மூடும். அசையாம நில்லுக்கா."

"ஏலே, நான் என்ன பொணமா?" என்று சிரித்த அம்மா, கையிலிருந்த குலையில் அழுகல் பழமொன்றைப் பார்த்துவிட்டாள்.

கழுவி வந்த படத்தில் முகம் தெளிவாக இருந்தது. விரல்கள் மட்டும் கலங்கியிருந்தன. மாமா ரொம்ப நாள் குறைபட்டுக்கொண்டார்.

தோட்டம் இப்போது வீட்டுமனை. அம்மாவும் இல்லை. ஊர் ஊராக என்னோடு அலையும் அந்த ஒரே படத்தில் அவள் இன்னும் அந்தப் பழத்தைக் கிள்ளி முடிக்கவில்லை.